எட்டு மாத்திரையிலிருந்து கீழே இறங்குவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 47. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். மூன்று வருடத்துக்கு முன் இடுப்பில் ஜவ்வு விலகி, எல்4–எல்5 இடத்தில் ஆபரேஷன் ஆனது. அதன் பிறகும் இடது காலில் நரம்பு இழுப்பு போகவில்லை. அப்போது எழுதிக் கொடுத்த டிராமடால்–பாராசிட்டமால் மாத்திரை (37.5 + 325) இன்று வரை ஓடுகிறது. முதலில் ஒரு நாளைக்கு மூன்று, இப்போது எட்டு. தூக்கத்துக்கு அல்பிரஸோலம் 0.5 ஒன்று. எட்டு போட்டும் வலி பாதிதான் குறைகிறது. போன மாதம் மெடிக்கலில் ஸ்டாக் இல்லாமல் இரண்டு நாள் போடவில்லை. கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், உடம்பெல்லாம் புல்லரிப்பு. வயிற்றால் போனது. ராத்திரி முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டே கிடந்தேன். கரண்ட் அடிப்பது போலவும் இருந்தது. என் மகன், "அம்மா, நீ மாத்திரைக்கு அடிமையாயிட்ட" என்கிறான். புதிதாகப் பார்த்த டாக்டர், "நாளையிலிருந்து நிறுத்திடுங்க" என்றார். தை மாதம் மகள் கல்யாணம். அதற்குள் விட்டுவிட முடியுமா? விட்டால் வலிக்கு என்ன செய்வது?

பதில்:

சகோதரிக்கு,

நாளைக்கே நிறுத்தாதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் போடுவது ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் டிராமடால். மூன்று வருடம் போட்ட மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால், போன மாதம் இரண்டு நாள் பட்ட பாட்டை ஒரு வாரம், பத்து நாள் படுவீர்கள். அதன் முடிவில் மறுபடி எட்டுக்கே வந்து நிற்பீர்கள். மனம் உடைந்து போவது தனிக் கணக்கு.

அந்த இரண்டு நாளில் நடந்தது இதுதான். டிராமடால் ஓபியாய்டு வகை மருந்து. மார்ஃபின் போய் ஒட்டுகிற அதே ஏற்பிகளில், அதைவிட பலம் குறைவாக ஒட்டும். மாதக்கணக்கில் போட்டால் மூளையும் தண்டுவடமும், மருந்து இருக்கிறது என்ற கணக்கில் தங்களை மாற்றி வைத்துக்கொள்கின்றன. மருந்து திடீரென்று இல்லாமல் போனால், இத்தனை நாள் அமுங்கிக் கிடந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துகொள்கின்றன. கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, பேதி, காலாட்டம் எல்லாம் அப்படி வந்தவை. கடைசி மாத்திரை போட்டு 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும்.

கரண்ட் அடித்தது போல இருந்ததற்குக் காரணம் வேறு. டிராமடால் அந்த ஏற்பிகளில் மட்டும் வேலை செய்வதில்லை. மனச்சோர்வு மாத்திரைகள் செய்வது போல, மூளையில் சேதி கடத்தும் செரோட்டோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களின் அளவையும் மாற்றுகிறது. அதனால் இதை விடும்போது இரண்டு மருந்தை ஒன்றாக விடுவது போன்ற தொந்தரவு வரும். டிராமடாலை விடும்போது தொந்தரவு படுபவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு, இந்த மின்னதிர்ச்சி உணர்வு, படபடப்பு, காரணமில்லாத பயம், சில சமயம் இல்லாதது கண்ணில் தெரிவதுகூட வருகிறது. உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. மருந்தின் இன்னொரு பாதி விலகுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் மகன் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். அவர் பயத்தில் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த வார்த்தை இங்கே பொருந்தாது. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி போடுகிறவருக்கு அளவு கூடிக்கொண்டே போவதும், விட்டால் உடம்பு உதறுவதும் அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வரையறை நூலே அப்படித்தான் வகுத்திருக்கிறது. நாள்பட்டுப் போட்டால் யார் உடம்பும் பழகிக்கொள்ளும். அடிமைத்தனம் என்பது வேறு. வலிக்காக இல்லாமல் மனசு லேசாவதற்குப் போடுவது, பொடித்துப் போடுவது, இரண்டு மூன்று டாக்டரிடம் தனித்தனியாகச் சீட்டு வாங்குவது, வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பது, குறைக்க நினைத்தும் கை தானாகப் போவது, இதெல்லாம் அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. உள்ளுக்குள் ஏதாவது இருந்து எழுதக் கூச்சப்பட்டிருந்தால் அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு. அரசு போதை மீட்பு மையங்களில் பியூப்ரினார்பின் என்ற நாக்கடி மாத்திரை தருகிறார்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் வழி கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எட்டு போட்டும் பாதி வலி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஏன்? மூன்றாக இருந்தது எட்டானதே பதில். உடம்பு பழகப் பழக அதே அளவு குறைவாக வேலை செய்யும். இன்னொன்றும் உண்டு. ஓபியாய்டை நீண்ட நாள் போடுகிற சிலருக்கு வலி நரம்புகள் கூடுதலாகச் சிலிர்த்துக்கொள்ளும். முன்பு வலிக்காத தொடுதலும் வலிக்கும். போதாததற்கு, ஒவ்வொரு வேளையும் மருந்தின் வேகம் குறையும்போது, மருந்து விலகுவதால் சின்னதாக ஒரு வலி, அதாவது விடுபடல் வலி, வருகிறது. அடுத்த மாத்திரை அதைத் தீர்க்கிறது. "மாத்திரை கேட்கிறது" என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, மாத்திரையே உண்டாக்கிய வலி. அமெரிக்காவில் நாள்பட்ட முதுகுவலியோ மூட்டுவலியோ உள்ள 240 பேரை ஒரு வருடம் கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஓபியாய்டு போட்டவர்கள் மற்ற மாத்திரை போட்டவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. பக்கவிளைவு மட்டும் கூடுதலாக இருந்தது. மெதுவாகக் குறைத்தால் வலி கூடிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை. சிலருக்கு வலியே கொஞ்சம் குறைகிறது.

குறைப்பதற்கு முன் மூன்று வாரம்

இந்த மூன்று வாரமும் ஒரு மாத்திரைகூடக் குறைக்க வேண்டாம். வேறு வேலை இருக்கிறது.

முதலில் அட்டையைப் பாருங்கள். மெதுவாகக் கரையும் வகை என்பதைக் காட்ட, பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர்., ஈ.ஆர். என்று போட்டிருப்பார்கள். அந்த வகையை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நீங்கள் சொல்லும் 37.5 + 325 சாதாரண வகைதான், பாதியாக வெட்டலாம். நகத்தால் பிய்க்காமல், மெடிக்கலில் விற்கும் மாத்திரை வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பாதி என்றால் பாதியாக இருக்க வேண்டும்.

அடுத்தது பாராசிட்டமால் கணக்கு. எட்டு மாத்திரையில் 2600 மி.கி. ஏற்கெனவே உள்ளே போகிறது. காய்ச்சல், தலைவலி என்று 650 மாத்திரை இரண்டு போட்டால் 3900. ஒரு நாளைக்கு 4000 என்பதே கல்லீரலுக்கு மேல் எல்லை, தினமும் போடுகிறவர்கள் 3000க்குள் நிற்பது நல்லது. ஆகவே எட்டில் இருக்கும் வரை தனியாகப் பாராசிட்டமால் வேண்டாம்.

டிராமடாலையும் 400 மி.கி. தாண்ட விடாதீர்கள், வலிப்பு வரலாம். உங்கள் மாத்திரையில் பத்து போட்டாலே 375. "இன்னிக்கு வலி ஜாஸ்தி" என்று இரண்டு கூட்டுவது எவ்வளவு நெருக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

நீங்கள் போடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுஆக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் டிராமடாலோடு சேர்ந்தால் செரோட்டோனின் அளவுக்கு மீறி ஏறும். வியர்வை, நடுக்கம், காய்ச்சல், தசை வெட்டு என்று வரும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்துக்கும் இதே பிரச்சினை உண்டு. மெடிக்கலில் கேட்டு வாங்கும் டானிக்கை யாரும் மருந்தாக நினைப்பதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

அல்பிரஸோலம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஓபியாய்டும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு மெலியும். ஆனால் அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, அதனாலும் வலிப்பு வரலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்கவும் கூடாது. பொதுவாக டிராமடாலை முதலில் முடித்துவிட்டு, பிறகு அல்பிரஸோலத்தை மாதக்கணக்கில் குறைப்போம். அதுவரை அந்த அரை மில்லிகிராமைக் கூட்டாதீர்கள். ராத்திரி மாத்திரை போட்டுவிட்டு நீங்கள் பெரிதாகக் குறட்டை விட்டாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ வீட்டில் யாராவது கவனித்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். டிராமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மெடிக்கல்காரர் சீட்டு இல்லாமல் தர மறுத்தால் அவர் மேல் கோபப்படாதீர்கள், அவர் சட்டப்படி நடக்கிறார். ஒரே டாக்டர், ஒரே மெடிக்கல் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் 28 நாளுக்கான சீட்டு வாங்குங்கள். அட்டை தீர்வதற்கு ஐந்து நாள் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள். போன மாத அனுபவம் திரும்ப வராது. டிராமடால் கிடைக்கவில்லை என்று யாராவது டேபெண்டடால் கொடுத்தால் வாங்காதீர்கள். அது வேறு மருந்து, அளவுக் கணக்கும் வேறு.

கடைசியாக, ஒரு நோட்டு. எந்த வேளை எத்தனை மாத்திரை, எத்தனை மணி நேரம் தூக்கம், அன்றைக்கு என்ன வேலை முடிந்தது என்று தினமும் எழுதுங்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்பதை ராத்திரி ஒரு தடவை எழுதினால் போதும். மணிக்கொரு தரம் வலியை அளந்து பார்ப்பவருக்கு வலிதான் பெரிதாகத் தெரியும். இரண்டு வாளி துணி துவைத்தேன், மாடி ஏறினேன், ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தேன் என்று செய்ததை எழுதுவதே முக்கியம்.

இறங்கும் கணக்கு

ஒரு வருடத்துக்கு மேல் ஓபியாய்டு போட்டவர்களுக்கு மாதம் 10 சதவீதம், அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது நல்லது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் 2022 வழிகாட்டி சொல்கிறது. அதற்கு முன் 2016இல் வந்த வழிகாட்டியைத் தவறாகப் புரிந்துகொண்டு, அந்த நாட்டில் பல டாக்டர்கள் நோயாளிகளுக்கு மருந்தைச் சட்டென்று நிறுத்தினார்கள். தாங்க முடியாத வலி, மன உளைச்சல், தற்கொலை வரை போனதால் 2019 ஏப்ரலில் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. உங்கள் புது டாக்டரிடம் இதைப் பணிவாகச் சொல்லலாம். "நிறுத்தத்தான் போறேன் டாக்டர், படிப்படியா நிறுத்த எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். மறுத்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்துப் போங்கள். மயக்கவியல் துறையின் கீழ் இருக்கும்.

கீழே சொல்வது உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசிச் சரிசெய்துகொள்ள வேண்டிய வரைவு. இப்போது நீங்கள் எப்படிப் பிரித்துப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. காலை 6, மதியம் 12, மாலை 6, ராத்திரி 10 மணி, வேளைக்கு இரண்டு என்று முதலில் நிலைப்படுத்துங்கள். வலி வந்தால் போடுவது, வராவிட்டால் தள்ளிப்போடுவது என்ற பழக்கம் இனி வேண்டாம். மணி பார்த்துப் போடுங்கள். வலியையும் மாத்திரையையும் பிரிக்கிற முதல் காரியமே இதுதான்.

பிறகு 8லிருந்து 7. நான்கு வாரம் அங்கேயே நில்லுங்கள். அடுத்து 6, அடுத்து 5, ஒவ்வொன்றிலும் நான்கு வாரம். எந்த வேளையில் ஒன்றை எடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பெரும்பாலோர் மதியத்தை முதலில் தொடுகிறார்கள், வேலை மும்முரத்தில் தெரிவதில்லை. விடியற்காலையும் படுக்கப் போகும் வேளையும் கடைசி வரை இருக்கட்டும். ஒரு வேளையையே முழுதாக எடுக்காதீர்கள், இடைவெளி பெரிதாகி விடுபடல் தொந்தரவு வந்துவிடும்.

ஐந்துக்கு வந்த பிறகு அரை மாத்திரையாகத்தான் இறங்க வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எட்டில் ஒன்றை எடுத்தால் எட்டில் ஒரு பங்கு. இரண்டில் ஒன்றை எடுத்தால் சரி பாதி. மேலே சுலபமாக இறங்கியவர், அதே வேகத்தில் கீழேயும் இறங்கப் போய், கடைசி இரண்டு மாத்திரையில் மாட்டிக்கொண்டு, "என்னால முடியலை" என்று விட்டுவிடுகிறார். தவறு அவரிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. 5, 4½, 4, 3½ என்று நான்கு வாரத்துக்கு அரை அரையாக வாருங்கள். இரண்டுக்குக் கீழே ஆறு வாரம்கூட நிற்கலாம். நாளைக்கு அரை என்று ஆன பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இரண்டு வாரம், பிறகு நிறுத்தம். மொத்தம் 13 படி, தடையில்லாமல் போனாலே ஒரு வருடம். முதல் மூன்று படி 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே போகிறது. அது தாங்கவில்லை என்றால் ஆரம்பத்திலிருந்தே அரை மாத்திரையாக இறங்கினாலும் ஒன்றும் குறைந்துபோகாது.

இந்தப் பாதையில் நிற்கலாம். வீட்டில் துக்கம், காய்ச்சல், ஏற்றுமதி ஆர்டர் என்று இரட்டை ஷிப்ட் வந்தால், இருக்கிற படியிலேயே ஒரு மாதம் இருங்கள். முடிந்தவரை திரும்பி மேலே ஏற வேண்டாம். ஏறினால் அந்தப் படியை மறுபடி இறங்கும் சிரமத்தையும் சேர்த்துப் பட வேண்டும். பாதி வழியில், நான்கு மாத்திரையில், வலியும் வேலையும் ஓரளவு சமமாக நிற்கிறது, அதற்குக் கீழே எத்தனை முயன்றும் முடியவில்லை என்றால் அங்கேயே இருப்பதும் தோல்வி அல்ல. 300 மி.கி. 150 ஆனதே மூச்சுக்கும் மலச்சிக்கலுக்கும் வலிப்பு அபாயத்துக்கும் பெரிய ஆறுதல்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நான்கு மாதம் கழித்து ஐந்தில் இருக்கும்போது, ஒரு மோசமான இரவில் "பழையபடி ரெண்டு ரெண்டாப் போட்டுக்கறேன்" என்று எட்டைத் தொடாதீர்கள். உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பக்கத்தில் அல்பிரஸோலமும் இருக்கிறது. மிஞ்சிய அட்டைகளை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள்.

ஒவ்வொரு படி இறங்கியதும் மூன்று முதல் ஏழு நாள் லேசான தொந்தரவு இருக்கும். வரும் வலி எந்த வலி என்று அப்போது பிரித்துப் பாருங்கள். உடம்பு முழுக்க, காய்ச்சல் வருவதற்கு முன் வலிப்பது போல, இரண்டு காலிலும் இருந்தால், கூடவே கொட்டாவியும் வந்தால் அது விடுபடல் வலி. ஒரு வாரத்தில் போய்விடும். இடது காலில் மட்டும், குனிந்தால் உட்கார்ந்தால் கூடுகிறது என்றால் அது உங்கள் பழைய நரம்பு. முதலாவதற்குக் காத்திருப்பதே மருந்து. இரண்டாவதற்குக் கீழே வருகிறேன்.

பேதிக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும், கண் அளவு கூடாது. மிஞ்சினால் லோபெராமைடு 2 மி.கி., நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். வியர்வையும் படபடப்பும் தாங்கவில்லை என்றால் டாக்டர் க்ளோனிடின் 100 மைக்ரோகிராம் மாத்திரையைச் சில நாளைக்கு எழுதுவார். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. போடுவதற்கு முன் அழுத்தம் பாருங்கள், மேல் அளவு 100க்குக் கீழே இருந்தால் அந்த வேளை வேண்டாம். படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். காலாட்டத்துக்கு, படுக்கும் முன் வெந்நீரில் கால் வைத்துக் கெண்டைக்காலை நீவிவிடுவது பலருக்கு உதவுகிறது. மாலை நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். கம்பெனி டீயை விடுவது கஷ்டம்தான், ஆனால் தூக்கம் கெடுகிற இந்த மாதங்களில் அது தனியாகத் தெரியும்.

வலிக்கு வேறு என்ன?

வலியைச் சைபர் ஆக்கும் மாத்திரை எதுவும் இல்லை. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வலி கூடுகிற நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாறு நாள் போடலாம். சிறுநீரகமும் வயிறும் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் கூடாது. துலோக்ஸெட்டின் நாள்பட்ட முதுகுவலிக்குச் சுமாராக உதவும். ஆனால் டிராமடால் ஓடும்போது அதைச் சேர்ப்பதில் இரட்டைச் சிக்கல் இருக்கிறது. செரோட்டோனின் ஏறும், போதாததற்கு டிராமடாலைக் கல்லீரல் பலமுள்ள வடிவமாக மாற்றுவதையும் துலோக்ஸெட்டின் தடுக்கும். அளவைக் குறைக்காமலே விடுபடல் தொந்தரவு வரலாம். டிராமடால் முடிந்த பிறகு அதை யோசிக்கலாம். கால் நரம்பு இழுப்புக்கு எல்லோரும் எழுதும் பிரிகாபலின், 2017இல் வந்த நல்லதொரு ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலாக இருக்கவில்லை. டிராமடாலோடு சேர்ந்தால் அதுவும் மூச்சை அமுக்கும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகளைத் தொட வேண்டாம், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் மாத்திரைப் பெட்டியில் இல்லை. உங்கள் நாளில் இருக்கிறது. பவர் டேபிளில் எட்டு மணி நேரம், முதுகு சாயாத ஸ்டூலில், ஊசியைப் பார்த்துக் குனிந்து, கால் பெடலுக்கு எட்டி நீட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள். கட்டுத் துணி வலது பக்கம் தரையில் கிடக்கும். குனிந்து, இடுப்பைத் திருப்பி, தூக்கி மடியில் வைக்கிறீர்கள். குனிதல், திரும்பல், தூக்கல் மூன்றும் ஒன்றாக வரும் இந்த ஒரு அசைவுதான் எல்4–எல்5 ஜவ்வுக்கு மிகக் கெட்டது. அந்தத் துணிக் கட்டை இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி மேலோ ஸ்டூல் மேலோ வைக்கச் சொல்லுங்கள். சூப்பர்வைசரிடம் கேட்க முடிந்த சலுகைதான் இது, கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. இடுப்பு முழங்காலைவிட ஒரு விரல் கடை உயரத்தில் இருக்கும்படி ஸ்டூலை உயர்த்துங்கள். பெடலை உங்கள் பக்கம் இழுத்து வையுங்கள். பீஸ் ரேட்டில் இருப்பவரிடம் 25 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்திருங்கள் என்று சொன்னால் நடக்காது, தெரியும். ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, மூன்று தடவை பின்னால் சாய்ந்து, அடுத்த கட்டை எடுங்கள். இருபது வினாடி போதும்.

அடுத்தது நடை. மூன்று நாள், வலி இரண்டு மார்க் கூடும் வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 10, 15, 12 என்று வந்தால் சராசரி ஏறத்தாழ 12. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 10 நிமிடம். அதிலிருந்து தொடங்கி, காலை ஒன்று மாலை ஒன்று, வாரத்துக்கு ஒன்றரை நிமிடம் கூட்டுங்கள். இதில் ஒரு விதி உண்டு. நல்ல நாளிலும் அதற்கு மேல் நடக்காதீர்கள், கெட்ட நாளிலும் அதை விடாதீர்கள். வலி இல்லாத ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க ஒட்டடை அடித்து, திங்கள் செவ்வாய் படுத்துக் கிடக்கிற வழக்கத்தை உடைக்கத்தான் இந்தக் கணக்கு. 12 வாரத்தில் அரை மணி நேரத்தை ஒட்டி வந்துவிடுவீர்கள். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடைப் பயிற்சி எடுத்தவர்களுக்கு முதுகுவலி திரும்ப வர 208 நாள் ஆனது, எடுக்காதவர்களுக்கு 112 நாள். அவர்கள் வலி வந்து போன ஆட்கள், உங்களுக்குப் போல ஆபரேஷனுக்குப் பிறகும் நிற்கிற வலி அல்ல. ஆனாலும் இதைவிடச் செலவில்லாத, பக்கவிளைவில்லாத மருந்து எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் செய்ய மூன்று பயிற்சி போதும், பத்து தேவையில்லை. முதலாவது: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது, எட்டுத் தடவை. இரண்டாவது: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, எட்டுத் தடவை. மூன்றாவது நரம்புக்கானது. நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை நீட்டும்போது தலையை மேலே தூக்குங்கள். காலை மடக்கும்போது தலையைக் குனியுங்கள். ஊஞ்சல் போலப் பத்துத் தடவை, எங்கும் நிறுத்தாமல். நீட்டிப் பிடித்து வைத்தால் நரம்பை இழுத்துக் கோபப்படுத்திவிடும். இதை மட்டும் அரசு மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட் முன் ஒரு தடவை செய்து காட்டிவிட்டு வீட்டில் தொடருங்கள்.

வலி கூடும் நாள் கட்டாயம் வரும். அதற்கான திட்டத்தை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். நடையைப் பாதியாக்கு, நிறுத்தாதே. வெந்நீர்ப் பை 15 நிமிடம், துணி சுற்றி. நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடு, பத்து நிமிடம். மாத்திரை அதே எண்ணிக்கை, கூட்டவும் வேண்டாம், அந்த வாரம் குறைக்கவும் வேண்டாம். ஐந்து நாளில் அடங்காவிட்டால் டாக்டர். வலி உச்சத்தில் இருக்கும்போது யாருக்கும் யோசிக்க வராது, அதனால்தான் எழுதி ஒட்டச் சொல்கிறேன்.

சில அறிகுறிகளுக்கு இந்தத் தாள் பொருந்தாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தெரியாமல் மலம் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, முதுகுவலியோடு காய்ச்சல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம். இதில் எது வந்தாலும் 108க்கு அழையுங்கள். குறைக்கும் மாதங்களில் மனம் மிகவும் தாழ்ந்து, வாழ்வதில் பிடிப்பே இல்லை என்று தோன்றினால் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். மறுநாளே டாக்டரிடமும் சொல்லுங்கள். படியை நிறுத்தி வைப்போம்.

இதைப் படிக்கும் வேறு யாராவது, வீட்டில் புற்றுநோயாளிக்குக் கொடுக்கும் மார்ஃபினையும் இப்படிக் குறைக்க நினைத்தால், வேண்டாம். அது வேறு கணக்கு. அந்த வலிக்கு மார்ஃபின் உரிய மருந்து. கர்ப்பிணிகளும் தாங்களாகக் குறைக்கக் கூடாது.

கல்யாணத்துக்கு வருகிறேன். தைக்குள் முழுக்க விட முடியாது, அந்த எண்ணத்தை இறக்கி வையுங்கள். மூன்று வாரத் தயாரிப்பு, பிறகு 7, பிறகு 6. முகூர்த்தம் வரும்போது ஆறில் இருப்பீர்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பும் இரண்டு வாரம் பின்பும் எதையும் குறைக்க வேண்டாம். மாத்திரையை மணி வாரியாகச் சின்னச் சின்னக் கவரில் போட்டு மகன் கையில் கொடுங்கள். இத்தனை மணிக்கு அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவரிடமே பொறுப்பை விடுங்கள். அவர் பயமும் கொஞ்சம் தணியும். சீர்வரிசைத் தட்டைத் தூக்குவது, மண்டபத்துச் சமையல்கட்டில் குனிந்து நிற்பது எல்லாம் மற்றவர்கள் பார்க்கட்டும். மணமேடையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டாம், ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்கள். சடங்கு நீளும்போது நடுவில் இரண்டு தடவை எழுந்து நில்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நகை, புடவை வைக்கும் பையிலேயே வெந்நீர்ப் பையையும் வைத்துவிடுங்கள்.